பேர் எங்கயும் போகாது

எங்கள் டைல்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆயிரத்து நூறு பேரும் அந்த அம்மாவை ஊதக்கா என்றுதான் சொல்வோம். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. ஆறு வருடமாக எங்களை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, மூக்கில் கவ்வி மாட்டி, அட்டைக் குழாயை வாயில் கொடுத்து, "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க, விடாதீங்க" என்று விரட்டியவருக்கு வேறு எந்தப் பெயர் பொருந்தும்?

நான் மெருகு பூசும் பிரிவில் இருந்தேன். அவருடைய நோட்டில் என் எண் நானூற்றுப் பதினேழு. அவருக்கு நடந்ததில் பாதியை நேரில் பார்த்தேன். மீதியை வெகுநாள் கழித்து அவரே சொன்னார்.

ஊதக்கா எங்கள் தொழிற்சாலைச் சம்பளக்காரர் அல்ல. நகரத்தின் மறுமுனையில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் களப்பணியாளர். அதற்கு முன்னால் ஓர் எக்ஸ்ரே கூடத்தில் உதவியாளராக இருந்தார். கல்யாணம் ஒன்று நடந்து இரண்டே வருடத்தில் முடிந்திருந்தது. அதைப் பற்றி அவர் பேசமாட்டார், நாங்களும் கிளறியதில்லை. அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருந்தார். அந்த அக்காவின் கணவர்தான் எங்கள் சூளை மேஸ்திரி. இருபத்திரண்டு வருட சர்வீஸ். சூளையின் வாயருகே நின்று, உள்ளே வேகிற ஓட்டின் நிறத்தைப் பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவார். வீட்டிலும் வேலையிலும் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

ஊதக்காவை வேலைக்கு எடுத்தவர் அந்த நிலையத்தின் பேராசிரியை. நாங்கள் எல்லோரும் மேடம் என்போம். முப்பது பேர் வந்த நேர்காணலில், பட்டம் வாங்கியவர்களையெல்லாம் அனுப்பிவிட்டு இவரை நிறுத்திக்கொண்டாராம். "படிச்சவங்க நிறைய பேர் கிடைப்பாங்க. ஆளுங்க முகத்தைப் பாத்துப் பேசத் தெரிஞ்சவங்கதான் எனக்கு வேணும்" என்றாராம். ஊதக்காவுக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை நடந்தபோது, மேடம் மூன்று நாள் மருத்துவமனையிலேயே உட்கார்ந்திருந்தார். மடிக்கணினியைத் தொடையில் வைத்து வேலை பார்த்துக்கொண்டே, நர்ஸ் வருகிற நேரமெல்லாம் எழுந்து மருந்துச் சீட்டைச் சரிபார்த்தார். கூடப் பிறந்தவள்கூட அப்படிப் பார்க்கவில்லை என்று ஊதக்கா சொல்வார். அதில் பொய் இல்லை. அக்காவுக்கு அப்போது வீட்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சல்.

ஆய்வு என்னவென்றால், டைல்ஸ் மண்ணில் இருக்கும் நுண்ணிய தூசி நுரையீரலை எத்தனை வருடத்தில், எந்த அளவுக்குக் கெடுக்கிறது என்று கண்டுபிடிப்பது. ஒன்பது தொழிற்சாலை, பதினோராயிரம் ஆட்கள். ஒவ்வொரு கூடத்திலும் கைப்பிடி அளவு கருவி ஒன்றை மாட்டியிருந்தார்கள். பத்து விநாடிக்கு ஒரு தடவை காற்றில் எவ்வளவு தூசி என்று அது குறித்துக்கொள்ளும். ஒரு பக்கம் தூசிக் கணக்கு, இன்னொரு பக்கம் நாங்கள் ஊதிய கணக்கு. இரண்டையும் ஆள் ஆளாகப் பொருத்திப் பார்த்தால், இவ்வளவுக்கு மேல் தூசி கூடாது என்று அரசாங்கத்திடம் ஆணித்தரமாகச் சொல்லலாம். அதுவரை இருந்த வரம்பு யாரோ எந்தக் காலத்திலோ குத்துமதிப்பாக எழுதிவைத்தது.

முதல் இரண்டு மாதம் ஒருவரும் ஊத வரவில்லை. "ஊதிப் பார்த்து, நெஞ்சு சரியில்லைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவான்" என்ற பேச்சு கேண்டீனில் இருந்தது. ஊதக்கா காலையில் வருவார், மூன்று லிட்டர் காற்று பிடிக்கும் பீச்சாங்குழலைத் தள்ளி ஊதும் இயந்திரம் சரியாக அளக்கிறதா என்று பார்ப்பார், மாலை வரை சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார். கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி எழுந்து வந்தார். எல்லோர் முன்னாலும் செருப்பைக் கழற்றி உயரம் அளக்க நின்றார்.

"என் மச்சினி குடுக்கிற குழாயில ஊத எனக்கென்ன பயம்?" என்று சொல்லிவிட்டு ஊதினார். மூன்று தடவை.

அவ்வளவுதான். அடுத்த நாள் சூளை ஆட்கள் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். அப்புறம் அழுத்தும் பிரிவு, மண் கலக்கும் கூடம், நாங்கள். ஊதுவது ஒரு போட்டியாகவே ஆகிவிட்டது. ஆறு விநாடி விடாமல் ஊதவேண்டும். நடுவில் இருமினால் செல்லாது. ஒல்லியான ஆள் நன்றாக ஊதிவிட்டால், தடியர்களைக் கேலி பண்ணுவோம். "வீட்டுல வாய் திறக்க முடியாத கோவத்தை எல்லாம் இங்க ஊதுங்கண்ணே" என்று ஊதக்கா சொல்லுவார். சிரித்துச் சிரித்தே பலருக்குக் காற்று போய்விடும், மறுபடி ஊதவைப்பார்.

ஒவ்வொருவருக்கும் சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டுவது அவர் வேலை. பதினாறு அம்சம். அதை வாசித்து முடித்ததும், படிவத்தில் இல்லாத ஒரு வரியைத் தானாகச் சேர்த்துச் சொல்வார்: "உங்க பேர் எங்கயும் போகாது. எண் மட்டும்தான் போகும்."

அந்தச் சொல்லை அவர் உயிராகக் காப்பாற்றினார். எந்த எண் யார் என்று எழுதிய நோட்டு நிலையத்தில் ஓர் இரும்பு அலமாரியில் இருந்தது. அதன் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருந்தார். எங்கள் தொழிற்சாலை மருத்துவர் ஒருமுறை சும்மா கேட்பதுபோல் ஒருவருடைய அளவைக் கேட்டார். "எனக்கு எண்ணுதான் சார் தெரியும், ஆளைத் தெரியாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆயிரத்து நூறு பேரையும் அளவோடு மனப்பாடமாகத் தெரிந்த மனுஷி அவர்.

சாயங்காலமானால் அன்றைய கணக்கையெல்லாம் கையில் இருந்த டேப்லெட்டிலிருந்து மேலே அனுப்புவார். 'கிளவுட்' என்பார்கள். எங்கள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் கேட்டான், "மேகத்துல போட்டா மழையில கரைஞ்சிடாதாக்கா?" என்று. அது மேகமும் இல்லை ஒன்றும் இல்லை. எங்கோ தூரத்தில் ஒரு பெரிய கட்டடம் நிறைய இன்னொருத்தருடைய கணினிகள் இருக்கின்றன, நம் கணக்கு அங்கே போய் உட்காருகிறது என்று மேடம் சொன்னதை அப்படியே எங்களுக்குச் சொன்னார். நிலையத்துக் கணினியில் மூன்று வாரம் ஓடுகிற கணக்கு அங்கே ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடுமாம். இன்னொருத்தருடைய கணினி என்ற இடத்தில் யாரும் நின்று யோசிக்கவில்லை. நாங்களும்தான்.

இரண்டாம் வருடம் டேப்லெட்டில் மூன்று கட்டம் கூடுதலாக வந்தது. எந்தப் பிரிவு, எந்த ஷிப்ட், வேலைக்குச் சேர்ந்த மாதம் வருடம். பிறந்த தேதியும் உயரமும் முன்பே இருந்தன. நுரையீரல் கணக்குக்கு அவை வேண்டும். இது எதற்கு என்று ஊதக்கா கேட்டார். எந்தக் கூடத்துத் தூசியை யார் எத்தனை வருடம் சுவாசித்தார் என்று தெரிந்தால்தானே பொருத்த முடியும் என்றார் மேடம். நியாயமான பதில். உண்மையான பதிலும்கூட. படிவத்தில் பதினான்காவது அம்சமும் அப்போது மாறியது. 'பங்காளர் அமைப்புகளுடன் பகிரப்படலாம்' என்று ஒரு வரி. அதையும் கேட்டார். "அது கணினி வாடகைக்குக் குடுக்கிறவங்க. நம்ம பெட்டியை அவங்க வீட்டுல வெச்சிருக்கோம், அவ்வளவுதான்" என்றார் மேடம். ஊதக்கா அந்த வரியை ஆயிரத்து நூறு பேருக்கும் வாசித்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம்.

ஆறாம் வருடம், ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம். மேஸ்திரி உட்பட எங்களில் முக்கால்வாசிப் பேர் ஒப்பந்த ஆட்கள். வருடாவருடம் ஒரு கையெழுத்து. அது சடங்கு மாதிரி. அந்த வருடம் முப்பத்தொரு பேருக்குப் புதுப்பிக்கவில்லை. அதில் முதல் பெயர் சூளை மேஸ்திரி.

நடுப்பகலில் அவர் வீட்டுக்கு வந்துவிட்டதைக் கண்டு அக்கா பதறிப்போய் தங்கையைக் கூப்பிட்டிருக்கிறார். கடிதத்தில் 'எண்ணிக்கைச் சீரமைப்பு' என்று மட்டும் இருந்தது. மேஸ்திரி சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாராம். ஏதோ மேலாளரோடு மனத்தாங்கல், பேசிச் சரிசெய்துவிடலாம் என்றுதான் ஊதக்கா முதலில் நினைத்தார்.

மறுநாள் காலை வாசல் பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தது. அதைப் படிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெயரையும் படிக்கும்போது மனத்துக்குள் அந்த ஆளின் அளவு தானாக வந்து நின்றதாம். ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்று. ஐம்பத்தைந்து. இருக்கவேண்டிய காற்றில் நூற்றுக்கு எவ்வளவு இருக்கிறது என்கிற கணக்கு அது. முப்பது பேருக்கும் எழுபதுக்குக் கீழே. ஒப்பந்த ஆட்களில் எழுபதுக்குக் கீழே இருந்த ஒருவர்கூட விட்டுப்போகவில்லை.

ஒருவேளை தொழிற்சாலையே சொந்தமாகச் சோதனை செய்திருக்கலாம் என்று மனம் ஒரு சாக்கைத் தேடியது. முப்பத்தொன்றாவது பெயர் அந்தச் சாக்கையும் பிடுங்கிக்கொண்டது. ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். ஞாயிறு தவறாமல் பந்து விளையாடுகிறவன். நெஞ்சில் ஒரு குறையும் இல்லை. ஊதிய அன்று அவனுக்குக் கடுமையான சளி. மூன்று தடவையும் இருமல் வந்து அளவு அறுபத்திமூன்று என்று விழுந்தது. குறிப்புக் கட்டத்தில் ஊதக்கா எழுதியிருந்தார்: 'சளி. செல்லாது. மறுபடி எடுக்கவேண்டும்.' அதற்குள் இயந்திரம் பழுதுபார்க்கப் போய்விட்டது, மறுபடி எடுக்கவில்லை. டிரைவருக்கு அறுபத்திமூன்று என்று காட்டுகிற கணக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது அவர் கையால் எழுதியது. எண் போயிருக்கிறது, குறிப்பு போகவில்லை.

நேராக மேடத்தின் அறைக்குப் போனார். முப்பத்தொரு பேரும் நம் கணக்கில் இருக்கிறார்கள் என்று நின்றபடியே சொன்னார். மேடம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அவங்க கதவைச் சாத்தினப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரியாதவங்களா இருந்தா, 'என்ன சொல்றீங்க?'ன்னு கேட்டிருப்பாங்க" என்று என்னிடம் சொன்னார்.

மேடம் சொன்னது இதுதான். முதல் வருடத்தோடு நிலையத்துக் கணினியில் இடம் தீர்ந்துவிட்டது; பத்து விநாடிக்கு ஒரு தூசிக் கணக்கு என்றால் சும்மாவா? ஆய்வே நின்றுபோகிற நிலை. அப்போது ஒரு தரவு நிறுவனம் வந்தது. இடமும் தருகிறோம், கணக்குப் போடுகிற இயந்திரமும் தருகிறோம், பணம் வேண்டாம், பெயர் இல்லாத தரவை நாங்களும் பயன்படுத்திக்கொள்கிறோம் என்றது. மேடம் கையெழுத்துப் போட்டார். அந்த மூன்று கட்டங்கள் அவருக்கும் வேண்டியிருந்தன, அவர்களும் கேட்டார்கள். நிறுவனம் அதிலிருந்து 'பணியாளர் ஆரோக்கிய முன்கணிப்பு' என்று ஒரு சேவையைச் செய்து, டைல்ஸ் முதலாளிகளுக்கே விற்றுவிட்டது.

"பேர் எதுவும் போகல. சத்தியமா போகல" என்றார் மேடம்.

"பேர் எதுக்கு மேடம்? பொறந்த தேதி போயிருக்கு, பிரிவு போயிருக்கு, சேர்ந்த மாசம் போயிருக்கு. ஆளுங்க ஃபைல் கம்பெனிக்காரன் கையிலயே இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா போதாதா?"

"நானும் அதை அப்புறம்தான் புரிஞ்சுக்கிட்டேன்."

"எப்போ?"

மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தார். "மூணு மாசம் ஆச்சு."

சேவை தொடங்கும் விழாவுக்கு அவரைப் பேசக் கூப்பிட்டு நிறுவனம் கடிதம் அனுப்பியிருந்தது. மூன்று மாதத்துக்கு முன்பு. அந்த மூன்று மாதத்தில் மேடம் இரண்டு தடவை அக்கா வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருந்தார். மேஸ்திரி கையால் தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தார். அவருடைய இருமலைப் பற்றி விசாரித்து, நீராவி பிடிக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஊதக்காவுக்கு அழுகை வரவில்லையாம். மேடம் பேசிக்கொண்டே போனார். தூசி வரம்பைத் தீர்மானிக்கும் குழு இன்னும் நான்கு மாதத்தில் கூடப்போகிறது. இந்த நேரத்தில் விஷயம் வெளியே வந்தால், ஆய்வே முறைகேடு என்று சொல்லி முதலாளிகள் மொத்தத்தையும் குப்பையில் போடவைத்துவிடுவார்கள். பதினோராயிரம் பேருக்கு வரவேண்டிய நல்ல காற்று போய்விடும். நான்கே மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் நானே எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றார்.

ஊதக்கா சரி என்று சொல்லாமல் கதவைத் திறந்து வெளியே வந்தார். ஆனால் ஒன்பது நாள் வாயையும் திறக்கவில்லை. அந்த ஒன்பது நாளுக்கு அவர் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை. "அவங்க சொன்னதுலயும் நியாயம் இருந்துச்சே. அதான் என்னைக் கட்டிப்போட்டுச்சு" என்றார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இரண்டாம் நாளே நாங்கள் கூட்டிக் கழித்துவிட்டோம். ஊதினவர்களில் மோசமாக ஊதினவர்கள் போய்விட்டார்கள். எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு நோட்டு. அந்த நோட்டின் சாவி ஒரே ஒரு கழுத்தில். அப்புறம் என்ன? நோட்டை விற்றுவிட்டாள் என்று முடிவு கட்டினோம். போன வருடம் வாங்கிய ஸ்கூட்டர் எப்படி வந்தது என்று கேண்டீனில் முதலில் கேட்ட வாய் என்னுடையது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

வீட்டில் அக்கா ஒருநாள் நேரடியாகவே கேட்டிருக்கிறார். இவர் மென்று விழுங்கியிருக்கிறார். அதைக் கண்டு அக்கா சந்தேகப்பட்டாரா, ஊர்ஜிதமே செய்துகொண்டாரா தெரியாது. மாடிக்குச் சாப்பாடு வருவது நின்றது.

பத்தாம் நாள் சங்கக் கட்டடத்தில் கூட்டம். நூற்று நாற்பது பேர் இருந்திருப்போம். ஊதக்காவை யாரும் அழைக்கவில்லை, அவராகவே வந்தார். வாசலில் சிலர் மறித்தார்கள். மேஸ்திரிதான், "வரட்டும் விடுங்க" என்றார்.

அவர் மேடை ஏறவில்லை. முன்வரிசைக்கு எதிரே தரையில் நின்று, முதலில் சாவியைக் கழற்றிச் சங்கச் செயலாளர் கையில் கொடுத்தார். நோட்டு அலமாரியில்தான் இருக்கிறது, யாராவது இரண்டு பேர் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"இது மேல போன கணக்குல ஒரு வரி. பேர் இல்ல. நான் வாசிக்கிறேன். எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க."

முணுமுணுத்துக்கொண்டே நின்றோம். சிலர் நிற்க மாட்டோம் என்றார்கள். செயலாளர் அதட்டியதும் நின்றார்கள்.

"ஏழாம் மாசம் பொறந்தவங்க மட்டும் நில்லுங்க. மத்தவங்க உக்காருங்க."

நாற்காலிகள் கடகடவென்று சத்தம் போட்டன. பன்னிரண்டு பேர் நின்றோம்.

"மெருகுப் பிரிவு மட்டும்."

மூன்று பேர்.

"வேலைக்குச் சேர்ந்தது பதினொண்ணாம் மாசம்."

என் இரண்டு பக்கமும் நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல வெளிச்சத்தில் சட்டையில்லாமல் நிற்பதுபோல் இருந்தது. இத்தனைக்கும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே தெரியாது.

"மூணே கேள்வி. நோட்டு வேணுமா, சாவி வேணுமா? இவர் எவ்வளவு ஊதினார்னு இந்தத் தாள்ல இருக்கு. நான் வாசிக்க மாட்டேன். ஆனா வாசிச்ச ஆளுங்க இருக்காங்க" என்றார் ஊதக்கா.

அதன்பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நிறுவனம், ஒப்பந்தம், மூன்று கட்டம், மூன்று மாதம், ஒன்பது நாள். எதையும் விடவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி ஒரு வார்த்தை அதில் இல்லை.

மேஸ்திரி எழுந்தார். "அப்ப யாரும் நோட்டை விக்கல."

"இல்ல அத்தான்."

"அந்தக் கட்டத்தை எல்லாம் நிரப்பினது?"

"நான்தான்."

அவருக்கு மூச்சு வாங்கியது. "சரி. உக்காருங்க. ரொம்ப நேரமா நிக்கிறீங்க" என்றார்.

உட்காருங்க என்றார். பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து தன் கண் முன்னால் வளர்ந்த மச்சினியை வா, போ என்றே கூப்பிட்டுப் பழகியவர். அவர் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால்கூட ஊதக்கா தாங்கியிருப்பார். அந்த மரியாதைதான் அவரை உடைத்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலையே நான் போய் ஸ்கூட்டர் பேச்சை ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "நான் உங்க இடத்துல இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்" என்று மட்டும் சொன்னார். அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த வாரம் வேலையை விட்டார். விடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். ஆய்விலிருந்து விலகிக்கொள்கிறேன், என் தரவை அழித்துவிடவும் என்று ஒரு படிவம் உண்டு. அதை வீடு வீடாக எடுத்துப்போனார். சில வீட்டில் கதவைத் திறக்கவில்லை. சில வீட்டில் வாசலிலேயே வைத்து ஏசினார்கள். இருநூற்று எண்பத்தாறு பேர் கையெழுத்துப் போட்டோம். இரண்டு மாதம் கழித்து நிலையத்திலிருந்து எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் வந்தது: இனி வரும் பகுப்பாய்வுகளில் தங்கள் தரவு சேர்க்கப்படாது, ஏற்கெனவே பகிரப்பட்டதைத் திரும்பப் பெற இயலாது. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். அந்த நிறுவனத்திடமிருந்து அந்தக் கடிதமும் இல்லை.

விசாரணைக் குழு ஒன்று போட்டார்கள். மேடத்தின் மீது 'கவனக்குறைவு' என்று எழுதி, ஓர் எச்சரிக்கையோடு முடித்தார்கள். முப்பத்தொரு பேரில் ஒருவனைத்தான் திரும்ப எடுத்தார்கள். டிரைவரை. அவன் வேறிடத்தில் ஊதிக்காட்டி, தொண்ணூற்றெட்டு என்று சான்றிதழ் கொண்டுவந்தான். மற்ற முப்பது பேர் கொண்டுவர என்ன இருந்தது? அவர்களுடைய கணக்கு சரியான கணக்கு. மேஸ்திரி இப்போது ஒரு பல்பொருள் அங்காடியில் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கொடுக்கிறார். வெயில் அதிகம், தூசி குறைவு.

ஊதக்கா மாடி அறையைக் காலி செய்தார். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. படியில் எதிர்ப்பட்டால் அத்தான் ஒதுங்கி வழிவிட்டு, "வாங்க" என்பார். அதைத் தினம் கேட்க முடியவில்லை என்றார். அக்கா மட்டும், வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் போனில் பேசுவார். உடம்பைப் பற்றி, விலைவாசியைப் பற்றி. அதைத் தாண்டிப் போகமாட்டார்.

தூசி வரம்புக் குழு கூடியது. மேடம் பயந்த மாதிரி ஆய்வை யாரும் குப்பையில் போடவில்லை. பதினான்கு மாதத்தில் புதிய தூசி வரம்பு வந்தது, பழையதில் பாதி. எங்கள் மண் கலக்கும் கூடத்தில் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் போட்டார்கள். உறிஞ்சும் விசிறிகள் வந்தன. மாலையில் மூக்கைச் சிந்தினால் முன்பு வெள்ளையாக வரும், இப்போது வருவதில்லை. அந்த நல்ல காற்றை நான் தினமும் எட்டு மணி நேரம் இழுத்து விடுகிறேன். என் அளவு எழுபதுக்கு மேலே இருந்திருக்கவேண்டும். இல்லையென்றால் நான் இங்கே இருக்கமாட்டேன்.

வரம்பு அறிவித்ததைக் கொண்டாட நிலையத்தில் ஒரு விழா நடந்தது. மேடம் கைப்பட எழுதி அழைப்பு அனுப்பியிருந்தார். ஊதக்கா போனார். ஏன் போனார் என்று அவருக்கே தெரியவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். பெரிய திரையில் ஒரு படம் போட்டார்கள். குறுக்கே தூசி, நெடுக்கே மூச்சு. ஓர் ஆளுக்கு ஒரு புள்ளி. பதினோராயிரம் புள்ளிகள் ஒரு கொசுக்கூட்டம்போல இடப்பக்கம் மேலேயிருந்து வலப்பக்கம் கீழே சரிந்து வந்தன. அழகாக இருந்தது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"வலது பக்கம் கீழ, தனியா ஒரு அஞ்சாறு புள்ளி கிடந்துச்சு. அதுல எது அத்தான்னு எனக்குத் தெரியும்" என்றார்.

களப்பணியாளர்கள் இல்லாமல் இது சாத்தியமில்லை என்று மேடம் பேசத் தொடங்கியதும் எழுந்து வெளியே வந்துவிட்டார். மேடம் பார்த்தாரா என்று கேட்டேன். பார்த்தார், பேச்சு ஒரு நொடி நின்றது, அப்புறம் தொடர்ந்தது என்றார்.

இதையெல்லாம் அவர் எனக்குச் சொன்னது ஒரு கண்ணாடிக் கடையில். அங்கே கண் சோதிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறார். எனக்குப் பார்வை மங்கிவிட்டது; போன இடத்தில் அவர் இருந்தார். கூட்டம் இல்லாத பிற்பகல். பேச்சுவாக்கில், மேடம்மேல் இன்னும் கோபம் இருக்கிறதா என்று கேட்டேன். வில்லைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"கையெழுத்துப் போட்டதுக்குக் கோவம் இல்ல. ஆராய்ச்சி நின்னுபோயிருக்கும், வேற வழி இல்ல, போட்டாங்க. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சொல்லியிருந்தா, இதை நான் ஆளுங்ககிட்ட வாசிக்க மாட்டேன்னு சொல்லியிருப்பேன். அது அவங்களுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லல. மூணு நாள் ஆஸ்பத்திரியில என் பக்கத்துல உக்காந்தவங்க. என்னை அவ்வளவு சரியா அளந்து வெச்சிருந்தாங்க."

பிறகு சோதனைக்கான கனமான சட்டத்தை என் மூக்கில் மாட்டி, வலது கண்ணை மறைத்தார். எதிரே இருந்த எழுத்துகளை மேலிருந்து படிக்கச் சொன்னார். நான்காவது வரி தெரியவில்லை என்றேன். வேறு வில்லையை எடுக்கத் திரும்பினார்.